நூலகர் மாநாட்டுக்குப் போவது பற்றி மலையக நூலகர்கள் கேட்கும் கேள்விகள்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் 17 வருடங்களாக வேலை செய்கிறேன். மாறிவரும் தகவல் தொழில்நுட்பம் பற்றி நூலகர்களுக்காக நடக்கும் மாநாடுகளுக்கு இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். ஒரு முறை கட்டுரையும் வாசித்தேன். அதற்குப் பிறகு தலவாக்கலை, பண்டாரவளை, நாவலப்பிட்டி, பதுளை என்று பல இடங்களிலிருந்து நூலகர்களும் பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர்களும் போன் எடுத்து விவரம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் பட்டதாரி இல்லை. தோட்டத்து வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். என்னை உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். நான் போன எந்த மாநாட்டிலும் பார்வையாளராகப் பதிவு செய்ய யாரும் பட்டச் சான்றிதழ் கேட்கவில்லை. பதிவுக் கட்டணம் கட்டினால் போதும். சங்க உறுப்பினர்களுக்கும் மாணவர்களுக்கும் கட்டணம் குறைவாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக நூலகர்கள். 40 பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கும் வாசிகசாலை எப்படி நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

எங்கெங்கே நடக்கின்றன? எப்படித் தெரிந்துகொள்வது?

இலங்கை நூலகச் சங்கம் 1960இல் தொடங்கப்பட்டது. அது தேசிய மாநாடு நடத்துகிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் விஞ்ஞானத் துறை சர்வதேச மாநாடு நடத்துகிறது. பல்கலைக்கழக நூலகர்களுக்கும் தனிச் சங்கம் உண்டு. அறிவிப்பு பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். முதலில் வருவது கட்டுரைச் சுருக்கம் கேட்கும் அறிவிப்பு, அப்புறம்தான் பதிவு தொடங்கும். இரண்டாவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டுரை கொடுக்கும் வாய்ப்பு போய்விடும்.

சபை லீவு கொடுக்குமா? பணம் யார் கட்டுவது?

கடமை லீவு கேளுங்கள். சொந்த லீவில் போகாதீர்கள், இது உங்கள் வேலையின் ஒரு பகுதி. கடிதத்தைச் சபைச் செயலாளருக்கு எழுதி, மாநாட்டு அறிவிப்பின் பிரதியை இணையுங்கள். "திறன் விருத்திக்காக" என்று மட்டும் எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். "நமது நூலகத்தின் பட்டியல் கணினியில் இல்லை. அதைச் செலவில்லாமல் செய்யும் வழி பற்றி இந்த மாநாட்டில் ஓர் அமர்வு இருக்கிறது. திரும்பி வந்து இரண்டு வாரத்தில் அறிக்கை தருகிறேன்" என்று எழுதுங்கள். எனக்கு முதல் தடவை லீவு கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அறிக்கை கொடுத்த பிறகு, அடுத்த தடவை பதிவுக் கட்டணத்தைச் சபையே கட்டியது.

ஆங்கிலத்தில்தான் பேசுவார்களாமே. எனக்குப் புரியுமா?

பெரும்பாலும் ஆங்கிலம்தான். முதல் நாள் காலையில் பாதிதான் எனக்குப் புரிந்தது. ஆனால் நாம் தினமும் புழங்கும் வேலையைப் பற்றித்தானே கதைக்கிறார்கள்! பட்டியலாக்கம், பகுப்பு, இரவல், வந்து சேரும் நூல்களை வரிசையாகப் பதியும் சேர்க்கைப் பதிவேடு எல்லாம் நமக்குப் பழகியவை. திரையில் ஒரு நூல் பதிவைக் காட்டினால் போதும், மீதி தானாகப் புரிந்துவிடும். சுருக்கங்களின் தொகுப்பை முன்கூட்டியே கொடுத்தால் முதல் நாள் இரவே வாசித்து, மூன்று அமர்வுகளை மட்டும் தெரிவு செய்யுங்கள். எல்லாவற்றிலும் உட்கார வேண்டும் என்று ஓடினால் ஒன்றும் மனதில் நிற்காது.

கேள்வி நேரத்தில் தமிழில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நான் தமிழில் கேட்டபோது பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து நூலகர் ஒருவர் எழுந்து மொழிபெயர்த்தார். பேச்சாளர் சிங்களத்தில் பதில் சொன்னார், அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

கட்டுரை கொடுக்க ஆசை. ஆனால் எங்கள் சின்ன நூலகத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

நீங்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு நாள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து, "மிஸ், எங்க தோட்டத்தப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்கா? புரொஜெக்ட் செய்யணும்" என்று கேட்டது. கணினியில் தோட்டத்தின் பெயரைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. "மலையகத் தமிழர்" என்று போட்டேன், அதற்கும் வரவில்லை. ஆனால் அலுமாரியில் அந்தத் தோட்டத்துக் கோயிலின் கும்பாபிஷேக மலர் இருப்பது எனக்கு ஞாபகம் இருந்தது. தோட்டத்தின் கதை அதில் ஆறு பக்கத்துக்கு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை போன பிறகு பதிவைத் திறந்து பார்த்தேன். நூல் எதைப் பற்றியது என்று குறிக்கும் பொருள் தலைப்பு என்ற இடம் வெறுமையாக இருந்தது. வேறு சில நூல்களுக்கு "இந்தியத் தமிழர்" என்றும், சிலவற்றுக்கு "இந்திய வம்சாவளித் தமிழர்" என்றும், ஒன்றுக்கு "தோட்டத் தொழிலாளர்" என்றும் போட்டிருந்தோம். ஒரே மக்களைப் பற்றிய நூல்கள் மூன்று பெயர்களில் மூன்று மூலையில் கிடந்தன. அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் மட்டும் எங்கள் பட்டியலில் இல்லை.

அதைத்தான் எழுதினேன். எங்கள் அலுமாரியில் இருந்த மலையகம் பற்றிய நூல்களை எடுத்து, எதற்கு என்ன தலைப்புப் போட்டிருக்கிறோம், பிள்ளைகள் என்ன சொல் போட்டுத் தேடுகிறார்கள் என்று ஒரு தவணை முழுக்கக் குறித்து வைத்தேன். பெரிய ஆய்வு முறை எதுவும் இல்லை. ஒரு கொப்பியும் பேனாவும்தான். சுருக்கம் எழுதும்போது நான்கு விஷயங்களைச் சொன்னால் போதும்: பிரச்சினை என்ன, எப்படிப் பார்த்தீர்கள், என்ன தெரிந்தது, என்ன செய்யலாம்.

உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்களை எங்கே வைப்பது என்பதாக இருக்கலாம். மழைக்காலத்தில் நூல்களில் பிடிக்கும் பூஞ்சணமாக இருக்கலாம். "சி. வி. வேலுப்பிள்ளை", "ஸி. வி. வேலுப்பிள்ளை", ஆங்கிலத்தில் ஒரு வடிவம் என்று ஒரே எழுத்தாளர் மூன்று ஆளாக நிற்பதாகவும் இருக்கலாம். உங்கள் அலுமாரியிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். கேள்வி இல்லாமல் போனால், மற்றவர்களின் கருவிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கோஹா, டிஸ்பேஸ் என்று சொல்கிறார்களே, அவை என்ன?

கோஹா என்பது நூலக வேலை முழுவதையும் பார்க்கும் இலவச மென்பொருள். பட்டியல், இரவல், உறுப்பினர் பதிவு எல்லாம் அதில் உண்டு. அது பிறந்த கதையை நம் நூலகர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறிய பிரதேசத்தின் பொது நூலகம் ஒன்று. 2000ஆம் ஆண்டு பிறந்தால் அவர்களுடைய பழைய முறை வேலை செய்யாது என்ற நிலை. புதிதாக வாங்குவதை விட்டுவிட்டு, ஒரு சிறு நிறுவனத்தைக் கொண்டு 1999இல் தாங்களே செய்வித்தார்கள். 2000 ஜனவரி தொடக்கத்தில் அது ஓடத் தொடங்கியது. பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து விட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. ஒரு நாட்டுப்புற நூலகத்தின் தேவை இன்று எத்தனையோ பல்கலைக்கழகங்களின் கருவியாக நிற்கிறது.

டிஸ்பேஸ் வேறு. ஆவணங்களின் மின்படிகளைச் சேமித்து வைத்து வாசிக்கக் கொடுப்பதற்கானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் எச்.பி. நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளை வைப்பதற்குப் பயன்படுத்துகின்றன. ஒரு சிறிய பிரதேச சபை நூலகத்துக்கு அது உடனே தேவைப்படாது. கோஹா தேவை. அதை நிறுவ லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் தெரிந்த ஒருவர் வேண்டும். மாநாட்டில் தேநீர் நேரத்தில் நான் தேடிப் பிடித்தது அப்படியான ஒருவரைத்தான்.

எங்கள் பதிவுகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவை வீணா?

வீணில்லை, ஆனால் மாற்றியே ஆக வேண்டும். பாமினியில் திரையில் நமக்கு "அம்மா" என்று தெரியும். கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு கோவை மட்டுமே. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழே இல்லை. அதனால்தான் தேடினால் கிடைப்பதில்லை. யூனிகோட் என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறையில் தமிழின் உயிர், மெய், துணைக்குறி ஒவ்வொன்றுக்கும் சொந்த இலக்கம் உண்டு. 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழ் அதில் இருக்கிறது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கையால் சரி பார்க்க வேண்டும். ஆங்கிலப் பெயர்களும் இலக்கங்களும் நடுவில் வந்த இடங்கள் குழம்பியிருக்கும்.

அப்புறம், அகர வரிசையையும் பாருங்கள். யூனிகோட் இலக்கப்படி மட்டும் அடுக்கினால் "ந"வுக்கு அடுத்து "ன" வந்து நிற்கும், "ழ"வுக்கு முன்னால் "ள" வந்துவிடும். நம் அகராதியில் "ன" கடைசி எழுத்து. மென்பொருளில் தமிழ் வரிசை முறையைத் தெரிவு செய்தால்தான் சரியாக அடுக்கும். இதைச் சிங்கள, ஆங்கிலப் பேச்சாளர்கள் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நாம்தான் எழுந்து கேட்க வேண்டும்.

மண்டபத்துக்கு வெளியே மென்பொருள் விற்பவர்கள் மேசை போட்டிருப்பார்களாமே. வாங்கலாமா?

பாருங்கள், கேளுங்கள், அன்றைக்கே ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் நூலகத்துக்கு முன்பொரு காலத்தில் ஒரு சிறு நிறுவனத்தின் மென்பொருள் வாங்கப்பட்டது. மூன்று வருடம் உட்கார்ந்து 6,000 நூல்களை அதில் பதிந்தோம். பிறகு கணினி பழுதானது. புதுக் கணினியில் போட அனுமதிக் குறியீடு கேட்டது. நிறுவனத்துக்குப் போன் எடுத்தால் இலக்கம் பாவனையில் இல்லை. பதிவுகள் உள்ளே இருந்தன, வெளியே எடுக்க வழியில்லை. திரும்ப முதல் நூலிலிருந்து தொடங்கினோம். கையெழுத்துச் சேர்க்கைப் பதிவேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அதுவும் முடிந்தது.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என் பதிவுகளை நான் நினைத்த நேரம் முழுவதுமாக வெளியே எடுக்க முடியுமா?" என்பதுதான். நூல் பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க் 21இல் எடுக்க முடியும் என்றால் வேறு எந்த நல்ல மென்பொருளுக்கும் கொண்டு போகலாம். அந்த மேசையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் ஒரு தலைப்பைத் தட்டித் தேடியும் காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் இரவல் கொடுப்பது எப்படி என்றும் கேளுங்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனதை நாம் மறக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி நூலகர் எதற்கு என்கிறார்கள். மாநாட்டில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லா மாநாட்டிலும் இதுதான் பேச்சு. நான் அங்கே கேட்டதைவிட என் மேசையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆசிரியப் பயிற்சி மாணவி ஒருவர் மலையக இலக்கியம் பற்றிய நூல் பட்டியலை அதில் எடுத்துக்கொண்டு வந்தார். பத்துத் தலைப்புகள். அவற்றில் நான்கு எங்கேயும் இல்லாத நூல்கள். எழுத்தாளர் பெயர் உண்மை, நூல் கற்பனை. நம்மைப் பற்றி இணையத்தில் இருப்பது குறைவு. அந்த இடைவெளியை இயந்திரம் தானாக நிரப்பிவிடுகிறது. ஒரு தலைப்பு உண்மையா என்று பட்டியலில் பார்த்து, நூலைக் கையில் எடுத்துக் காட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு நூலகரின் தேவை கூடியிருக்கிறது.

நல்ல பயனும் இருக்கிறது. பழைய பக்கங்களைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றும் கருவிகள் தமிழை முன்பைவிட நன்றாக வாசிக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட்கூடத் தமிழ் வாசிக்கும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களில் மட்டும் அடிக்கடி தடுமாறுகிறது.

வாசகர்களின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் உள்ள பட்டியலை இந்தக் கருவிகளில் ஏற்றாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்த விவரங்கள் வாசகர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை.

எங்கள் பழைய மலர்களையும் பத்திரிகைகளையும் நாங்களே மின்படியாக்கலாமா?

ஆக்க வேண்டும், சீக்கிரமாக. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. நமக்கு நெருப்பு வேண்டாம், ஈரமே போதும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் என்ன செய்தது என்று பார்த்தோம். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி இருந்தால் அது ஒரு மண்சரிவில் போய்விடும். மின்படியிலும் ஒன்றை நூலகத்தில், ஒன்றை வேறு ஊரில், ஒன்றை இணையத்தில் வையுங்கள்.

நூலகம் நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்படியாக்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. மலையகம் பற்றியவையும் அதில் நிறைய உண்டு. உங்களிடம் இருப்பது அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாததை மட்டும் எடுத்துச் செய்தால் உழைப்பு மிச்சம்.

உரிமையைக் கவனியுங்கள். 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 70 வருடம் வரை பதிப்புரிமை இருக்கும். பத்திரிகையாளரும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவருமான கோ. நடேசையர் 1947இல் மறைந்தார், அவர் எழுத்துக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார், 2054 வரை உரிமையாளரின் அனுமதி வேண்டும். கோயில் மலர், சங்க மலர் என்றால் வெளியிட்டவர்களிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் சந்தோஷமாகத் தருகிறார்கள்.

பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் எல்லாம் தோட்டத்துக்கு எப்படிப் பயன்படும்?

போன் இருக்கிறது, டேட்டா இருக்கிறதா? கொரோனா காலத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறினார்கள். இன்றும் பள்ளத்தில் இருக்கும் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இணையம் சரியாக வருவதில்லை. மாநாட்டில் நான் கற்றதில் அதிகம் உதவியது கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு பென்டிரைவில் போட்டு இணையமே இல்லாமல் வாசிக்கலாம். பழைய மடிகணினி ஒன்று இருந்தால் வைஃபை மூலம் அறையில் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் கொடுக்கலாம்.

பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்ய 1987ஆம் ஆண்டுச் சட்டம் நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே, "தோட்டம் நம் எல்லைக்குள் வராது" என்று இனி யாரும் சொல்ல முடியாது. மாதம் ஒரு தடவையாவது ஒரு பெட்டி நூலும் அந்த மடிகணினியும் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று சபையில் கேளுங்கள்.

பேராதனையில் நடந்தால் எப்படிப் போவது? எங்கே தங்குவது?

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பஸ். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாக வந்து கம்பளையில் அதே பாதையில் சேரலாம். ரயிலில் கண்டி வரை போவதானால் பேராதனைச் சந்திக்கு அடுத்த சரசவி உயன நிலையத்தில் இறங்கினால் பல்கலைக்கழகம் பக்கம். மலைநாட்டு ரயில் ஓடுகிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள், மழைக்கு அடிக்கடி நிற்கிறது. காலை அமர்வு 9 மணிக்கு என்றால் முதல் பஸ்ஸை நம்ப வேண்டாம். முந்திய நாளே போய்த் தங்குங்கள். தங்குமிடம் பற்றி ஏற்பாட்டாளர்களிடம் கேட்டால் பல்கலைக்கழக விடுதியில் குறைந்த செலவில் இடம் கிடைப்பதுண்டு. பெண்கள் இரண்டு பேராகப் பதிவு செய்தால் அறையும் செலவும் பாதி.

திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சபைக்கு அறிக்கை, இரண்டு பக்கம் போதும். அந்த அறிக்கையில் பணம் தேவைப்படாத ஒரு வேலையைக் குறிப்பிட்டு அதே மாதம் செய்து காட்டுங்கள். நான் செய்தது, மலையகம் பற்றிய எல்லா நூல்களுக்கும் "மலையகத் தமிழர்" என்ற தலைப்பைச் சேர்த்தது. பழைய தலைப்புகளை அழிக்கவில்லை, அவற்றில் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் அங்கே சந்தித்தவர்களை ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொண்டேன். இன்றைக்கும் ஒரு பதிவில் சிக்கினால் பத்து நிமிடத்தில் யாராவது பதில் போடுகிறார்கள்.

போகவே முடியாவிட்டால்?

கட்டுரைகளை வாசிக்கலாம். இலங்கை ஆய்விதழ்களை இலவசமாகத் தரும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனில் பல்கலைக்கழக நூலகர் சங்கத்தின் ஆய்விதழ் இருக்கிறது. மாநாட்டுத் தொகுப்புகள் பல, பல்கலைக்கழகங்களின் மின் களஞ்சியங்களில் கிடைக்கும். ஒரு கட்டுரை பிடித்திருந்தால் எழுதியவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். நான் போட்ட ஐந்தில் நான்குக்குப் பதில் வந்தது. ஒருவர் தன் கோஹா அமைப்பைத் திரையில் காட்டியபடியே ஒரு மணித்தியாலம் என்னோடு கதைத்தார்.